உரைபெறு கட்டுரையில் நோயும் தீர்ப்பும்

அண்ணாமலையை வலம்வருவார் செல்லும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் அடி அண்ணாமலை என்னும் சிற்றூர் உள்ளது. திருவெம்பாவையோடு தொடர்புடையதாகப் போற்றப்படும் மாணிக்கவாசகர் கோயில் இங்குள்ளது. 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றின்பொருட்டு முழுநிலா வலம் தடுக்கப்பட, பாதை வெறிச்சோடியது. அடுத்த திங்களில், அயல்நாட்டார் ஒருவர் மலைக்குகையொன்றில் தனித்துறைவதை வனத்துறையினர் கண்டனர். நோய் முதற்கண் வெளிப்பட்ட நாட்டினர் அவர். விடுதிகளில் இடம் கிடையாமையின் குகையை நாடினார் எனச் செய்தித்தாள்கள் எழுதின. ஆய்ந்து பார்த்தவிடத்து அவர்பால் தொற்று இல்லை. வழிப்போக்கர்க்குச் சோறிடுதலை அறமெனப் போற்றும் ஊரில் இது நிகழ்ந்தது. நோயச்சம் மிகுந்த காலத்து மக்கள் ஒருவன் செய்ததை நோக்காது, அவன் எவ்வினத்தான் என்பதையே நோக்கித் தீர்ப்பளிப்பர் போலும்.

இவ்வியல்பைப் பதிவு செய்த பழைய தமிழ்ப் பகுதியொன்று உண்டு. அது சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை. மதுரை எரியுண்டபின் பாண்டிநாட்டில் மழை பொய்த்தது, வறுமை சூழ்ந்தது, வெப்புநோயும் குருவும் தொடர்ந்தன. குரு என்பது கொப்புளம். கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று பத்தினிக்குச் சாந்தி செய்தான். மழை பெய்தது, நோய் நீங்கிற்று என்பது அக்கட்டுரையின் செய்தி. சிலம்பைக் களவாடியவன் ஒருவன், மாண்டவரோ ஆயிரவர். கசவாகுவின் காலத்தை வரையறுக்க இக்கட்டுரையைப் பன்முறை புரட்டிய நம் ஆராய்ச்சியாளர், இக்கணக்கில் அத்துணை கருத்துச் செலுத்தினாரல்லர்.

பலியிடுதல் அக்கால வழக்கு என்று கூறி அமைவாரும் உளர். அவ்விடை போதாது. அதே கட்டுரை கொங்கிளங்கோசரையும் இலங்கைக் கசவாகுவையும் சோழன் பெருங்கிள்ளியையும் அடுத்தடுத்துக் கூறுகின்றது. அவர்களும் பத்தினிக்கு விழா எடுத்தனர். அவருள் கோசர், கசவாகு ஆகியோர்தம் நாடுகளிலும் வளம் பெருகிற்று. ஆயின் அவர்கள் எத்தொழிலாளரையும் கொன்றதாக அங்கில்லை. கொலையின்றியும் மழை பெய்யும் என்பதற்கு அக்கட்டுரையே சான்றாகி நிற்கின்றது.

இனி, இக்கொலை நூலுள் மற்றோரிடத்தும் வருகின்றது. நீர்ப்படைக் காதையில் மாடலன் செங்குட்டுவனிடம் இதனைக் கூறுகின்றான். ஆண்டு மழைவறம் இல்லை, நோயும் இல்லை. அரசிழந்து அலமந்த மதுரையும், புதியவன் அரியணை ஏறுதலுமே உள்ளன. எனவே, காதையில் அரியணைக்கு முன்னிகழ்ச்சியாக நிற்கும் கொலை, கட்டுரையில் நோய்க்கு மருந்தாக மாறிவிடுகின்றது. உரைபெறு கட்டுரை பிற்காலத்தார் சேர்த்தது என்பார் கூற்று உண்மையாயின், இம்மாற்றம் பின்னும் பொருளுடையதாகும். பின்வந்த ஒருவர்க்கு அக்கொலை வெறுங்கொலையாக நின்றது உறுத்தியிருத்தல் வேண்டும்; நோயை முன்னும் நோய்நீக்கத்தைப் பின்னும் வைத்து அதனைத் தாங்கத்தக்கதாக்கினார் எனக் கருத இடமுண்டு. இஃது என் கருத்தே; முடிந்த முடிபன்று.

கண்ணகி தீக்கடவுளுக்கு இட்ட ஆணையை இதனோடு ஒப்புநோக்குதல் வேண்டும். அந்தணர், அறவோர், ஆவினம், பத்தினிப் பெண்டிர், முதியோர், குழவியர் ஆகியோரை விலக்கித் தீயோர் பக்கமே சேர்க என்றாள். அவ்விலக்கும் பெரும்பாலும் வகைபற்றியதே என மாணவர் ஒருவர் என்னிடம் வாதிட்டார்; அதில் உண்மையுண்டு. எனினும், கணவனை இழந்து கொதித்தெழுந்த பொழுதினும் தீயோரைப் பிரித்தறிய வேண்டும் என்னும் நினைவு அவளுக்கு இருந்தது. அவள் பெயரால் வேள்வி செய்த அரசனுக்கோ அஃது இல்லை.

பொற்கொல்லர் ஆயிரவர் மாண்டதை இருமுறை கூறும் நூல், சிலம்பைத் திருடிப் பழியைக் கோவலன்மேல் ஏற்றிய பொற்கொல்லன் பின்னர் என்னாயினான் என்பதை யாண்டும் தனித்துக் கூறவில்லை.