சங்கரின் கடைசி இன்னிங்ஸ்

குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் ஐம்பதைத் தாண்டிய தெலுங்கர்களிடம் ‘சந்தமாமா’ என்று சொல்லிப் பாருங்கள். தோளில் பிணம், கையில் உருவிய வாள் என்று மயானத்தைக் கடக்கும் விக்கிரமாதித்தனைத்தான் உடனே சொல்வார்கள். தமிழர்களான நமக்கு அதே படம் அம்புலிமாமா இதழில் வந்தது. வரைந்தவர் கே.சி. சிவசங்கரன், வாசகர்களுக்கு ‘சங்கர்’. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது முழு ஃபார்மில் இருந்தபோது அடித்த சதம். என் கணக்கில் அவருடைய பெரிய ஆட்டம் எண்பது வயதுக்குப் பிறகு ஆடியது.

1924-இல் பிறந்தவர். 1950-களின் தொடக்கத்தில் நாகி ரெட்டியின் சந்தமாமாவில் சேர்ந்து ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அங்கேயே வரைந்தார். உடன் ஆடிய சித்ரா, அட்டைப்பட மன்னர் வட்டாதி பாப்பையா எல்லோரும் போய்விட்டார்கள். நிறுவனம் கைமாறியது, பிறகு இதழே நின்றது. வயது தொண்ணூறை நெருங்கியும் பேனாவை மூடி வைக்கவில்லை. ராமகிருஷ்ண மடத்தின் இதழான ராமகிருஷ்ண விஜயத்துக்கு வரைந்தார்.

வயதானால் ஓவியரின் மணிக்கட்டுதான் முதலில் ஆட்டம் காணும். பலர் தடித்த தூரிகைக்கு மாறுவார்கள், பின்னணியை வெறுமையாக விட்டுவிடுவார்கள். சங்கர் அந்தச் சலுகைகளை நாடியவர் அல்லர். தூணின் வேலைப்பாடு, வேட்டியின் மடிப்பு, கூட்டத்தில் ஓரமாக நிற்பவனின் முகம் என எல்லாவற்றுக்கும் உரிய கோட்டைக் கொடுத்தே பழகிய கை அது. ராய் சௌத்ரி முதல்வராக இருந்த சென்னை ஓவியப் பள்ளியில் பெற்ற உடற்கூற்றுப் பயிற்சி கடைசிவரை கைகொடுத்தது. அவர் வரைந்த மனிதர் உட்கார்ந்தால் உடலின் எடை தரையில் இறங்குவது தெரியும். விக்கிரமனின் நடையில் இருந்த பாய்ச்சல் பிற்காலப் படங்களில் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் அப்போது வரைந்த கதைகளும் சாந்தமானவை. வேகம் குறைந்த பிறகும் லைன், லெங்த் தவறாமல் நாற்பத்தொரு வயதுவரை டெஸ்ட் ஆடிய ஜேம்ஸ் ஆண்டர்சன் மாதிரி.

உலகத்திலும் இப்படி ஆடியவர்கள் குறைவு. லயன் காமிக்ஸ் வழியாக நமக்குப் பழக்கமான டெக்ஸ் வில்லருக்கு உருவம் கொடுத்தவர் இத்தாலியின் ஆரேலியோ கலெப்பினி. 1948-இல் தொடங்கிய அவர், 400-ஆவது இதழ்வரை அட்டைகளை வரைந்துவிட்டு 1994-இல் மறைந்தபோது வயது 76. அந்த வயதுக்குப் பிறகு சங்கருக்கு இன்னும் இருபது ஆண்டுகள் பாக்கி இருந்தன.

2020 செப்டம்பர் 29-இல், 96 வயதில் அவர் காலமானார். பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தது 2021 ஜனவரியில். அறுபது ஆண்டு உழைப்பு கண்ணெதிரே இருந்தும் அந்த விருதை அவர் கையில் கொடுக்க இந்த நாட்டுக்கு மனம் வரவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

விடுமுறைக்குச் சென்னை போகும் குகட்பள்ளித் தமிழர்களுக்கு ஒரு வேண்டுகோள். மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடத்தில் ராமகிருஷ்ண விஜயத்தின் பழைய இதழ்கள் இருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் சங்கரின் படங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், வரைந்தபோது அவருக்கு என்ன வயது என்பதையும் சொல்லுங்கள்.