1977-ஆ, 1979-ஆ?

ராக் இசை கேட்கிற நாலு பேர் சேர்ந்தால் எப்படியும் ஒருநாள் இந்தச் சண்டை வந்துவிடும்: எழுபதுகளின் கடைசியில் எந்த வருஷம் உசத்தி? பெரும்பாலும் 1977 ஜெயிக்கும். காரணம் இல்லாமல் இல்லை. செக்ஸ் பிஸ்டல்ஸின் ஆல்பம், தி கிளாஷின் முதல் ஆல்பம், டெலிவிஷனின் ‘மார்க்கீ மூன்’, டேவிட் போவியின் ‘லோ’, ‘ஹீரோஸ்’ இரண்டும், கிராஃப்ட்வெர்க்கின் ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’, பாப் மார்லியின் ‘எக்ஸோடஸ்’. எல்லாம் ஒரே வருஷம். இதை வாசித்துக் காட்டினாலே எதிராளி பாதி அடங்கிவிடுவார்.

ஆனால் பட்டியல் போட்டு எண்ணுகிற முறையிலேயே கோளாறு இருக்கிறது. கிளாஷின் முதல் ஆல்பம் பிரிட்டனில் வந்தது 1977. அமெரிக்காவில் 1979, அதுவும் சில பாடல்களை மாற்றிப்போட்டு. ‘லண்டன் காலிங்’ பிரிட்டனில் 1979 டிசம்பரிலும் அமெரிக்காவில் 1980 ஜனவரியிலும் வெளியானது. அதனால் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை அதை எண்பதுகளின் சிறந்த ஆல்பம் என்று அறிவித்தது! சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவனுக்கு இது புதுசு இல்லை. ரிலீஸ் தேதி வேறு, வேலை நடந்த தேதி வேறு. ஆகவே எந்த வருஷம் அதிக நல்ல ஆல்பம் என்று எண்ணுவதை விட்டுவிடலாம். எந்த வருஷம் இசைக்காரர்கள் தங்கள் வேலியைத் தாண்டினார்கள் என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

1977 பற்றி வழக்கமாகச் சொல்லப்படும் கதை, பங்க் வந்து பழசையெல்லாம் துடைத்துப் போட்டது என்பது. அதே வருஷம் மியூனிக்கில் ஜார்ஜோ மொரோடரும் பீட் பெலாட்டும் டோனா சம்மரை வைத்து ‘ஐ ஃபீல் லவ்’ செய்தார்கள். ஏறக்குறைய முழுக்க சிந்தசைஸர். இனி வரப்போகும் இசை இதுதான் என்று பிரையன் ஈனோ தன்னிடம் ஓடிவந்து சொன்னதாகப் போவி பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பங்க் ரசிகனின் பட்டியலில் இந்தப் பாட்டு கடைசியில் இருக்கும், இருந்தால். ஏன்னா அது டிஸ்கோ. கறுப்பர்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் ஆடிய கிளப்புகளில் வளர்ந்த இசை.

அந்த வேலி எவ்வளவு உயரம் என்பது 1979 ஜூலை 12 அன்று சிகாகோவில் தெரிந்தது. காமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டுவந்தால் டிக்கெட் 98 சென்ட். ஸ்டீவ் டால் என்ற ரேடியோ அறிவிப்பாளர், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே அந்தத் தட்டுகளை வெடிவைத்துத் தகர்த்தார். கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது, இரண்டாவது ஆட்டம் நடக்கவே இல்லை. வின்ஸ் லாரன்ஸ் அன்று அங்கே வேலை பார்த்த கறுப்பினச் சிறுவன். ஜனங்கள் கொண்டுவந்த தட்டுகளில் பல டிஸ்கோவே இல்லை, கறுப்பினக் கலைஞர்களின் தட்டுகள் என்று அவர் பிறகு சொல்லியிருக்கிறார். இதில் இனவெறி இல்லை என்று டால் மறுத்தே வந்திருக்கிறார். அவர் நோக்கம் எதுவாக இருந்தாலும், எந்த இசை எரிக்கப்பட்டது என்பது மாறவில்லை.

இப்போது அதே வருஷம் ஸ்டுடியோக்களில் என்ன நடந்தது என்று பாருங்கள். செக்ஸ் பிஸ்டல்ஸின் பாடகர் ஜான் லைடன், 1977-இன் முகமே அவர்தான், தன் புதிய குழுவான பப்ளிக் இமேஜ் லிமிடெடுடன் ‘டெத் டிஸ்கோ’ என்று ஒரு பாட்டு வெளியிடுகிறார். ஜா வாபிளின் பேஸ் கிடார், ஜமைக்காவின் டப் இசையிலிருந்து நேராக வருகிறது. தி ஸ்லிட்ஸ் என்ற பெண்கள் குழுவின் ‘கட்’ ஆல்பத்தை ரெக்கே இசைக்காரர் டென்னிஸ் போவல் தயாரிக்கிறார். டாக்கிங் ஹெட்ஸ் ‘ஐ ஜிம்ப்ரா’வில் ஆப்பிரிக்கத் தாளத்துக்குள் நுழைகிறார்கள். சிகாகோ தீ அணைந்து ஒரு மாதத்துக்குள் மைக்கேல் ஜாக்சனின் ‘ஆஃப் தி வால்’. செப்டம்பரில், ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ என்ற டிஸ்கோ பாட்டின் மேல் ஏறி ‘ராப்பர்ஸ் டிலைட்’. கூட்டம் எரித்ததைத்தான் கலைஞர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. கிளாஷ் 1977-லேயே ஜூனியர் மர்வினின் ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ என்ற ரெக்கே பாட்டைப் பாடிவிட்டார்களே? சரி, விதை 1977 போட்டதுதான், ஒத்துக்கிறேன். ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 1977 பாட்டில் கிடார்கள் ரெக்கேயைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன. ‘லண்டன் காலிங்’கில் பால் சிமனன் எழுதிப் பாடிய ‘தி கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்’னில் பேஸ்தான் பாட்டு, கிடார் அதன் பின்னால் நடக்கிறது. முதலில் ரெக்கே விருந்தாளி. இரண்டு வருஷத்தில் அது வீட்டு ஆள்.

அதனால் என் ஓட்டு 1979-க்கு. 1977 ‘வேண்டாம்’ என்று உரக்கச் சொன்ன வருஷம், அதற்கும் துணிச்சல் வேண்டும்தான். ஆனால் தன் ரசிகர்கள் வெறுக்கிற இசையிலிருந்து கற்றுக்கொள்ள அதைவிட அதிகத் துணிச்சல் வேண்டும். அன்று காமிஸ்கி பார்க்கில் நின்ற வின்ஸ் லாரன்ஸ், 1984-இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸுடன் சேர்ந்து ‘ஆன் அண்ட் ஆன்’ செய்தார். முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலரும் சொல்வது அதைத்தான். டிஸ்கோவைக் கொளுத்திய அதே ஊரிலிருந்துதான் அதுவும் வந்தது.