குழப்பக் காரணிகளில் அளவீட்டுப் பிழை

குழப்பக் காரணிகளில் அளவீட்டுப் பிழை என்பது நோய்ப்பரவலியல் ஆய்வுகளின் முடிவைத் திரிக்கும் பிழைகளுள் ஒன்றாகும். ஆராயப்படும் பழக்கத்தோடும் நோயோடும் ஒருங்கே தொடர்புடைய மூன்றாவது காரணி குழப்பக் காரணி எனப்படும். அதைச் சரியாக அளக்காவிட்டால், கணக்கில் சேர்த்த பின்னும் அதன் தாக்கம் முழுதும் நீங்காது. நீங்காத பகுதி எஞ்சிய குழப்பம் ஆகும்.

பிழை நிகழும் விதம்

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். புகைப்பவர்களில் 20 விழுக்காட்டினருக்கும் புகைக்காதவர்களில் 5 விழுக்காட்டினருக்கும் இதய நோய் வருகிறது. வைட்டமின் சி-க்கு இதில் பங்கே இல்லை என்று கொள்வோம். இரத்தத்தில் இந்த வைட்டமின் குறைந்த 1,000 பேரில் 600 பேரும், மிகுந்த 1,000 பேரில் 200 பேரும் புகைப்பவர்கள். புகைப்பவர்களில் நான்கில் ஒருவர் தம்மைப் புகைக்காதவர் என்று பதிந்தால், அப்பட்டியலில் முதல் குழுவில் 550 பேரும் (400 + 150) இரண்டாம் குழுவில் 850 பேரும் (800 + 50) இருப்பர். நோயாளிகளோ இரண்டிலும் 50 பேரே (20 + 30; 40 + 10). நோய் விகிதம் முறையே 9.1, 5.9 விழுக்காடு. பங்கே இல்லாத வைட்டமின் காப்பளிப்பதுபோல் தோன்றுகிறது. ஆளெண்ணிக்கையைப் பத்து மடங்காக்கினாலும் இது மாறாது.

வைட்டமின் சி ஆய்வுகள்

இங்கிலாந்தின் நார்போக் பகுதியில் 45 முதல் 79 வயது வரையிலான 19,496 பேரிடம் நடந்த ஆய்வு 2001-இல் வெளியானது. இரத்தத்தில் வைட்டமின் சி மிகுந்த பிரிவினரின் இறப்பு வாய்ப்பு, குறைந்த பிரிவினரினதில் ஏறத்தாழ பாதியாக இருந்தது. வயது, இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், நீரிழிவு ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னும் தொடர்பு நீடித்தது.

2002-இல் பிரித்தானிய இதயப் பாதுகாப்பு ஆய்வின் முடிவு வந்தது. 20,536 பேரில் குலுக்கல் முறையில் தேர்ந்த பாதிப் பேருக்கு வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் ஆகியவை ஐந்தாண்டுகள் தரப்பட்டன. இறப்பு குறையவில்லை.

திறனாய்வு

இந்த முரணை 2004-இல் டெபி லாலர், ஜார்ஜ் டேவி சுமித் உள்ளிட்டோர் ஆராய்ந்தனர். வைட்டமின் சி அளவு, குழந்தைப் பருவம் முதலான வாழ்க்கை வசதிகளோடு பிணைந்திருப்பதை அவர்கள் சுட்டினர். வாழ்நாள் முழுவதும் சேர்ந்த வறுமையையோ புகையையோ ஓரிரு வினாக்களால் அளந்துவிட முடியாது. எனினும், மாத்திரைகளைப் பற்றிய சோதனையைக் கொண்டு பழம், காய்கறிகள் பயனற்றவை என்று முடிவு செய்வதும் தவறு.

இத்துறைப் பாடங்களில், தற்செயலான அளவீட்டுப் பிழை தொடர்பைக் குறைத்தே காட்டும் என்று பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. அது ஆராயப்படும் பழக்கத்தை அளப்பதற்குப் பெரும்பாலும் பொருந்தும். குழப்பக் காரணிக்குப் பொருந்தாது. அங்கு அப்பிழை இல்லாத தொடர்பையும் உருவாக்கும்.

ஆகவே, 'புகைப்பழக்கம் கணக்கில் கொள்ளப்பட்டது' என்ற வரி ஆய்வுக்குப் போதிய சான்றாகாது. எப்படி அளந்தனர், எத்தனை முறை அளந்தனர், நிக்கோட்டினின் எச்சமான கோட்டினினை இரத்தத்திலோ உமிழ்நீரிலோ சோதித்தனரா என்பவை கேட்கப்பட வேண்டியவை.