மேற்சுமைப் பாறை: மூன்று மரபுகளும் மன்னார்க் கணக்கும்

இராமநாதபுரம் பக்கம் கருவேலங்கரிக்கு மூட்டம் போடுகிறவர்கள் விறகைவிட அதன்மேல் பூசும் மண்ணைத்தான் அதிகம் கவனிப்பார்கள். பூச்சில் விரிசல் விட்டால் விறகு சாம்பலாகும். கடலடியில் எண்ணெய் உருவாகும் கதையும் இதற்கு அருகில் வரும், முழுதும் பொருந்தாவிட்டாலும். மூட்டத்து மண் காற்றைத் தடுக்கிறது. கடலடியில், எண்ணெய் பிறக்கும் மூலப்பாறைமேல் படிந்த வண்டலோ அதைச் சூடேறும் ஆழத்துக்கு அமிழ்த்துகிறது. அந்த வண்டல் அடுக்குதான் மேற்சுமைப் பாறை.

துளையிடுகிறவர்களுக்கு நெடுங்காலம் அது கடந்துபோக வேண்டிய வெறும் பாரம். மூலப்பாறை, எண்ணெய் தேங்கும் தேக்கப்பாறை, அது கசியாமல் மூடும் மூடுபாறை ஆகியவற்றோடு அதற்கும் சம ஆசனம் தந்தது மகூன், டவ் இருவரும் 1994இல் தொகுத்த நூல்.

அதற்கு முன்பே, மேற்சுமைக்கு அடியில் மூலப்பாறை பட்ட வெப்பத்தைக் கணக்கிட மூன்று மரபுகள் வளர்ந்திருந்தன. ஜெர்மானியர் நிலக்கரி ஆய்விலிருந்து வந்தவர்கள். பாறையிலுள்ள விட்ரினைட் என்னும் தாவர எச்சத் துகளில் ஒளி எவ்வளவு தெறிக்கிறது என்று பார்ப்பார்கள். ஏறக்குறைய 0.6 முதல் 1.3 சதவீதம் வரை எண்ணெய்ப் பருவம், தாண்டினால் வாயு. இன்றும் நீடிக்கும் அளவுகோல் இது. சோவியத் மரபில் லோபாடின், 1971இல், ஒவ்வொரு 10 டிகிரிக்கும் வினையின் வேகம் இரட்டிப்பதாக வைத்துக் காலத்தையும் கூட்டினார். வேப்பில்ஸ் 1980இல் அதை எளிமையாக்கிப் பரப்பினார். வெப்பத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிடும் முரட்டுக் கணக்குதான்; ஆனாலும் பாறை எத்தனை காலம் சூட்டில் கிடந்தது என்று கேட்கக் கற்றுத்தந்ததே அது. பிரெஞ்சு மரபு டிஸ்ஸோவின் வினைவேகச் சமன்பாடுகளில் நின்றது. பாறைத் துணுக்கைச் சூடாக்கி அளக்கும் ராக்-ஈவல் கருவியும் அங்கிருந்து வந்ததே. என் ஓட்டு பிரெஞ்சுக்காரர்களுக்கு, ஆனால் அவர்கள் கணக்கைச் சரிபார்க்க விட்ரினைட் வேண்டியிருக்கிறது.

மேற்சுமை நிலைத்திருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. பேரண்ட்ஸ் கடலில் நிலம் எழும்பி மேலடுக்குகள் அரித்துப்போனதில் அழுத்தம் குறைந்தது. தேங்கிய வாயு விரிந்து, கீழிருந்த எண்ணெயை, அது சிக்கியிருந்த பல பொறிகளிலிருந்து வெளியே தள்ளிவிட்டது.

நமக்கு அருகில் மன்னார்ப் படுகை இருக்கிறது. 2011இல் இலங்கைப் பக்கம் டொராடோ கிணற்றில் வாயு கிடைத்தது. அங்கே கடல் நீரின் ஆழம் சுமார் 1,350 மீட்டர். வாயு இருந்த மணற்கல் சுமார் 3,044 மீட்டரில். கிணற்றின் ஆழம் மலைப்பூட்டும். ஆனால் நீரைச் சுமையாகக் கொள்ளலாமே தவிர, சூடாகக் கொள்ள முடியாது. அந்த ஆழத்தில் கடலடி குளிர்ந்தே கிடக்கிறது. நீரைக் கழித்தால் மணற்கல்லின்மேல் மிஞ்சும் பாறை 1,700 மீட்டர்தான். கிலோமீட்டருக்கு 30 டிகிரி ஏறினாலும் 60ஐ எட்டாது, எண்ணெய்கூடப் பக்குவப்படாத சூடு. ஆகவே அந்த வாயு, நுண்ணுயிர்கள் உண்டாக்கியதாக இல்லாவிட்டால், அங்கே வெந்திருக்க முடியாது. மேற்சுமை இன்னும் தடித்த ஆழத்திலிருந்து ஏறி வந்திருக்க வேண்டும்.

அதே ஆண்டு அதே படுகையில் தோண்டிய பாரகூடா கிணற்றில் தடித்த எரிமலைப் பாறையும் குறுக்கிட்டது. அது நிலநடுக்க அலைப் படத்தை மங்கலாக்கும்; அடியில் வண்டல் எவ்வளவு தடிப்பு, மூலப்பாறை எவ்வளவு ஆழம் என்று சொல்வது அதனால் கடினம். எண்ணெய்க்குப் பதில் வாயு வந்ததற்கு மிகுதியான அமிழ்வு காரணமா, தாவர எச்சம் மிகுந்த மூலப்பாறை காரணமா என்ற வழக்கும் அதற்கடியில்தான் கிடக்கிறது.