ஒரு குரல், மூணு பெட்டி

ரெண்டு நாள் சென்னை போனால் பழைய இசைத்தட்டுக் கடை தேடுவது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. எழுதுகிறவர்கள் உறையின் அழகையும் ஊசியின் கரகரப்பையும் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அது போதவில்லை.

1985-ல் எரிந்த மூர் மார்க்கெட்டின் மிச்சக் கடைகள் சென்ட்ரல் பக்கம் இருக்கின்றன. அங்கே ஒரு கடையில் நாகூர் ஹனிபா மூணு பெட்டியில் கிடந்தார்: இஸ்லாமியப் பாடல்கள் ‘பக்தி’யில், தி.மு.க. பாடல்கள் ‘கட்சி’யில், டி.எம்.எஸ்ஸோடு பாடிய ‘பாவ மன்னிப்பு’ (1961) சினிமாவில். விற்கத் தோதான பிரிவுதான். ஆனால் கேட்டவர்கள் அப்படிப் பிரித்தா கேட்டார்கள்?

கோட்டைப்பட்டினத்தில் எங்க தெருவில் யார் வீட்டிலும் பிளேயர் கிடையாது. தட்டெல்லாம் மைக் செட்காரரிடம்தான். கந்தூரிக்கும் கல்யாணத்துக்கும் குழாய் ஸ்பீக்கரில் அதே குரல். தேர்தல் வந்தால் கட்சிக் கூட்டத்திலும் அதே குரல். (மீன் ஏலத்தில் நின்றவர்களும் கேட்டார்கள், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.)

சேகரிப்பாளர்கள் கீறல் விழாத தட்டைத் தேடுகிறார்கள். மைக் செட்டில் ஓடி ஓடித் தேய்ந்த தட்டுதான் எனக்கு ஆவணம். எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கு என்று பாருங்கள், ஊர் எதைத் திரும்பத் திரும்பக் கேட்டது என்று தெரியும். அப்படி ஒன்றை எடுத்து நீட்டினேன். “இது பாடாது சார்” என்று கடைக்காரர் பாதி விலைக்குத் தந்தார்.