ஐவர் கேட்ட பங்கு

கிறிஸ்தவ விசுவாசம் வாக்குச்சீட்டுக்கு வழிகாட்டுமா? எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை அதற்காக வாசிக்கலாம். செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபையார் எல்லோருக்கும் முன் நின்று தகப்பனின் நிலத்தில் பங்கு கேட்கிறார்கள். அவர்கள் கேட்டது சரி என்கிறார் கர்த்தர். ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு மட்டும் என்ற வரம்போடுதான், ஆனாலும் சட்டம் மாறுகிறது.

கேரளத்தில் மேரி ராய் தகப்பன் சொத்தில் சமபங்கு கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார், 1986இல் வென்றார். அந்தத் தீர்ப்பை எதிர்த்தவர்களில் திருச்சபைத் தலைவர்களும் உண்டு. வேதம் ஒரு பக்கம், அதைப் போதிப்பவர்கள் மறுபக்கம்.

திருக்கோகர்ணத்தில் வாக்களிக்க வரிசையில் நிற்கும் கிறிஸ்தவப் பெண் எந்தச் சின்னம் என்று போதகரைக் கேட்க வேண்டியதில்லை. என் மகளின் பங்குக்கு இவர் என்ன செய்வார் என்று வேட்பாளரைக் கேட்டால் போதும். மோசேயிடமே கேட்டவர்களின் வழி அது.