குழி ஒன்று, படம் இரண்டு

பத்தாவது, ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இந்தச் சண்டை உங்கள் காதிலும் விழுந்திருக்கும். ஜப்பான் அனிமேயில் எந்த ரகம் உசத்தி? வாளெடுத்து வெட்டுகிற ரகமா, பள்ளிக்கூடக் காதலா, பேய் பிசாசா? இல்லை, நாலு பெண்கள் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு, நெருப்பு மூட்டி, நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்புவார்களே, அதுவா? (சிரிக்காதீர்கள். நிஜமாகவே அப்படி ஒரு தொடர் இருக்கிறது. ஒரு எபிசோட் பார்த்தால் விட மாட்டீர்கள்.)

'பொம்மைப் படத்துக்கு இவ்வளவு விவாதமா' என்று நாம் பேப்பரைப் புரட்டப் போய்விடுகிறோம். ஆனால், இதே கேள்வியைக் கோடம்பாக்கத்தில் கோடிகளை வைத்துக்கொண்டு தினமும் கேட்கிறார்கள். 'பேய்ப் படம்தான் போகுதாமே, உங்ககிட்ட பேய்க் கதை இருக்கா சார்?' அதாவது, கதை எப்படி இருந்தாலும், ரகத்துக்கென்று தனியாக ஒரு அட்வான்டேஜ் உண்டா?

ஜப்பானை வைத்து இதற்குத் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். அங்கே 'ஷோனன்' என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்வதே ஒரு கதை ரகம் இல்லை. 'பையன்களுக்கானது' என்று அர்த்தம், அவ்வளவுதான். 1968-ல் ஆரம்பித்த 'ஷோனன் ஜம்ப்' பத்திரிகை கொஞ்ச நாளில் வாரப் பத்திரிகை ஆயிற்று. எந்தத் தொடர் பிடித்திருக்கிறது என்று வாசகர்கள் போஸ்ட் கார்டில் எழுதிப் போட வேண்டும். பின்தங்கிய தொடரை இழுத்து மூடிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எது பிழைக்கும்? சண்டைதான் பிழைக்கும். ஒரு வில்லன் செத்தால் அவனை விடப் பெரிய வில்லன் அடுத்த வாரம் வருவான். 'தொடரும்' போடத் தோதான சரக்கு. 1995 வாக்கில் அந்தப் பத்திரிகை 65 லட்சம் பிரதிகளைத் தொட்டது. தொடர்கதைக்காக வாரா வாரம் வாசலில் காத்திருந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, சண்டைக்குத்தான் அட்வான்டேஜ் என்று முடித்துவிடலாமா? 2020-ல் வந்த 'டீமன் ஸ்லேயர்' படம் ஜப்பான் வசூலில் முதலிடத்துக்கு வந்தது, உண்மை. ஆனால், அது யாரைத் தள்ளிவிட்டு வந்தது என்று பாருங்கள். மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே'. சாமிகள் வந்து குளித்துவிட்டுப் போகிற குளியல் விடுதியில் எடுபிடி வேலை செய்யும் ஒரு சின்னப் பெண்ணின் கதை. எந்த ரகத்திலும் சேராத அந்தப் படம் 19 வருடம் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

ஆக, சோதனை ஒழுங்காக நடக்க வேண்டுமென்றால் இடம் ஒன்றாக இருக்க வேண்டும். ரகம் மட்டும் மாற வேண்டும். அப்படி ஒரு லேபரட்டரி நம்மூரிலேயே இருக்கிறது. வத்தலக்குண்டில் வண்டி ஏறினால் மேலே போய்விடலாம்.

கொடைக்கானலில் 'டெவில்ஸ் கிச்சன்' என்று வெள்ளைக்காரன் பேர் வைத்த பாறை இடுக்குகள். 1991 தீபாவளிக்கு 'குணா' வந்தது. சந்தான பாரதி இயக்கம், சாப் ஜான் கதை, வேணு கேமரா, இளையராஜா இசை. அதற்கப்புறம் பிசாசின் அடுப்படி 'குணா குகை' ஆகிவிட்டது. ஊருக்கே பேர் மாற்றின படம், பாக்ஸ் ஆபீஸில் எதிர்பார்த்தபடி போகவில்லை. அதே தீபாவளிக்கு எதிரே நின்றது 'தளபதி' என்பது ஒரு காரணம். ஆனால், அதுவே முழுக் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

'குணா' என்ன ரகம்? சொல்லுங்கள் பார்ப்போம். காதல் படம் என்றால், ஹீரோ ஹீரோயினைக் கடத்திக்கொண்டு போகிறான். த்ரில்லர் என்றால், கடத்தினவன் அவளை அபிராமி என்று கும்பிடுகிறான். பைத்தியக்காரனின் கதை என்றால், அவன் பேசுவதில் பாதி பக்தி. டிக்கெட் வாங்கினவருக்குத் தான் எதற்கு டிக்கெட் வாங்கினோம் என்று இடைவேளை வரை தெரியவில்லை. சினிமாவில் ரகம் என்பது கடைக்காரர் தரும் வாக்குறுதி மாதிரி. 'காபி' என்று போர்டு போட்டிருந்தால் உள்ளே காபி வரும். 'குணா' போர்டே மாட்டாத கடை. உள்ளே அமிர்தம் கிடைத்தது, ஆனால் கூட்டம் அடுத்த கடையில் இருந்தது.

இப்போது 33 வருடம் தாண்டி வாருங்கள். 2024 பிப்ரவரி. சிதம்பரம் இயக்கிய 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. அதே குழி. 2006-ல் கொச்சிப் பக்கமிருந்து டூர் வந்த நண்பர்களில் ஒருவர் நிஜமாகவே உள்ளே விழுந்து, இன்னொரு நண்பர் கயிறு கட்டி இறங்கி மீட்டு வந்த சம்பவம். படத்தில் பெரும்பகுதி மலையாளம். டப் கிப் எதுவும் பண்ணாமல் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் 50 கோடிக்கு மேல் அள்ளியது. மொத்தத்தில் 200 கோடியைத் தாண்டிய முதல் மலையாளப் படம்.

அப்படியானால் காதலை விட உயிர்பிழைக்கும் கதைக்குத்தான் அட்வான்டேஜா? ஓரளவு ஆமாம். 'பிழைப்பானா, மாட்டானா' என்ற கேள்விக்குப் பாஷை தேவையில்லை. பாப்கார்னை வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நிற்கும். ஆனால், அதே கேள்வியை வைத்துத்தான் கோபி நயினார் 2017-ல் 'அறம்' எடுத்தார். ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தை. அந்தப் படம் முடிந்து வெளியே வந்தவருக்குக் கோபம் இருந்தது, கொண்டாட்டம் இல்லை. குழிக்குள் விழுவது இரண்டிலும் ஒன்றுதான்.

'மஞ்ஞும்மல்' ஜெயித்தது குழியால் மட்டுமில்லை. ஆரம்பத்தில் ஒரு கல்யாண வீட்டு வாசலில் இந்தப் பையன்கள் வடம் இழுக்கிறார்கள். வெறும் வெட்டிப் பந்தா என்று சிரிக்கிறோம். கடைசியில் அதே கைகள் அதே மாதிரி வரிசையாக நின்று கயிறு இழுக்கும்போதுதான், முதல் அரை மணி நேர அரட்டை எதற்கு என்று புரிகிறது. (நடுநடுவே வருகிற சின்ன வயசுக் காட்சிகள் எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் பட்டன. நண்பர்கள் என்று ஏற்கெனவே தெரியும் சார், எத்தனை தடவை சொல்வீர்கள்?) அந்த இழுப்பின்போது ஒலிப்பது 'குணா'வில் குகைக்குள் கமல் சொல்லச் சொல்ல ஜானகி பாடும் அந்தக் கடிதப் பாட்டு. சாதாரண மனிதக் காதல் இல்லை என்று 1991-ல் ஒரு பித்தன் சொன்னதை, 2024-ல் ஒரு நண்பன் கயிற்றில் தொங்கியபடி நிரூபிக்கிறான். தியேட்டர் எழுந்து நின்று கத்தியது.

நான் பி.காம். படித்தவன். கணக்குப் புத்தகத்தில் 'குட்வில்' என்று ஒரு சொத்து உண்டு. தொட முடியாது, பூட்டி வைக்க முடியாது, ஆனால் கம்பெனியை விற்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் விலை. 'குணா' 33 வருடமாக டி.வி.யிலும் கேசட்டிலும் மெதுவாகச் சேர்த்து வைத்த குட்வில்லை 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' ஒரே செக்கில் எடுத்தது. (அந்தப் பாட்டுக்காக இளையராஜா தரப்பிலிருந்து 2024 மே மாதம் வக்கீல் நோட்டீஸ் போனதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.) தோற்ற காதல் படம் இல்லாவிட்டால் ஜெயித்த படத்துக்குக் கிளைமாக்ஸே இல்லை. இதில் எந்த ரகத்துக்கு மார்க் போடுவீர்கள்?

ஒரு விஷயம் உறுத்துகிறது. அந்தக் குழியில் விழுந்து திரும்பாதவர்கள் உண்டு. படமே அதைச் சொல்கிறது. பயப்படச் சொல்லி எடுத்த படம்தான். ஆனால், படம் ஓடிய 2024-ல் குகையைப் பார்க்க வந்த கூட்டம் கூடியது. தடுப்பைத் தாண்டி இறங்கிய இளைஞர்களை வனத்துறை கைது செய்த செய்தியும் வந்தது. அதே மார்ச்சில் ஜெயமோகன் படத்தைக் காய்ச்சி எடுத்தார். குடித்துவிட்டுக் காட்டில் உடைத்துப் போடுகிற பாட்டில் யானைக் காலைக் கிழிக்கிறது என்பது அவர் கோபத்தின் சாரம். அவர் மலையாளிகளை மொத்தமாகத் திட்டியது எனக்கு உடன்பாடில்லை. பாட்டில் விஷயத்தில் அவர் சொன்னது சரி. டூயட் பார்த்து வந்தவன் கோக்கர்ஸ் வாக்கில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினான். குழி பார்த்து வருகிறவனுக்குக் குழி வேண்டும்.

இன்னொரு சோதனையும் அதே மலையில் நடந்திருக்கிறது. இதில் பணயம் பெரிசு.

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்து வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பாதரச தெர்மாமீட்டர் ஃபாக்டரி, 1980-களில் கொடைக்கானலில், பாம்பாறு சோலைக்கு மேலே வந்து உட்கார்ந்தது. பிறகு இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. 2001-ல் ஊருக்குள்ளே மூஞ்சிக்கல் காயலான் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடித் தூள் டன் கணக்கில் கிடந்தது வெளியே வந்து, ஃபாக்டரி மூடப்பட்டது. 2003-ல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. முன்னாள் தொழிலாளர்கள் உடம்பு கெட்டுப்போனதாகச் சொல்லிப் போராடினார்கள். கம்பெனி அதை ஒப்புக்கொள்ளவில்லை. மனு, ஆர்ப்பாட்டம், கோர்ட், அறிக்கை. நாம் எத்தனை பேர் படித்தோம்?

2015-ல் சென்னைப் பெண் சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாட்டுப் பாடினார். 'கொடைக்கானல் வோன்ட்'. நிக்கி மினாஜின் மெட்டு, சில நிமிஷம்தான், கம்பெனி பெயரைச் சொல்லி நேரடியாகக் கேள்வி. உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. மனிதாபிமானத்தால் தருகிறோம் என்றது. பாட்டால்தான் வந்தது என்று சொன்னால், பதினைந்து வருடம் கோர்ட் வாசலில் நின்றவர்களுக்குத் துரோகம். ஆனால், அறிக்கைக்கு இல்லாத கால்கள் பாட்டுக்கு இருந்தன.

அதே பாதரசத்தைக் கார்த்திக் சுப்பராஜ் 2018-ல் திகில் படமாக எடுத்தார். 'மெர்க்குரி'. வசனமே கிடையாது. பாதரசத்தால் காதும் பேச்சும் போன இளைஞர்கள், பாழடைந்த ஃபாக்டரி, இருட்டு, பிரபுதேவா. துணிச்சல், மறுக்க மாட்டேன். ஒலி வடிவமைப்பு மிரட்டல். ஆனால், பேய்ப் படத்துக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பாழடைந்த கட்டடத்தைக் காட்டினால் 'உள்ளே என்ன இருக்கிறது' என்று கேட்க வைக்கும், 'இதை யார் கட்டினார்கள்' என்று கேட்க விடாது. கம்பெனிக்குக் கற்பனைப் பெயர் வைத்தாகிவிட்டது. குற்றம் ஆவியின் கணக்கில் போய்விட்டது. பயந்தோம், வீட்டுக்கு வந்தோம், தூங்கினோம். அதே வருடம் டி.எம்.கிருஷ்ணாவும் அம்ரித் ராவும் சேர, சோஃபியா அஷ்ரஃபின் இரண்டாவது பாட்டு வந்தது. மண்ணைச் சுத்தம் செய்ய ஐரோப்பாவுக்கு ஒரு அளவு, நமக்கு ஒரு அளவா என்று கேட்டது. பயமுறுத்தவே இல்லை. எனக்கு அன்றைக்குத்தான் தூக்கம் போனது.

எனக்கென்னவோ, இந்தக் கதைக்கு இன்னும் சரியான ரகத்தை யாரும் தொடவே இல்லை என்று தோன்றுகிறது. அந்த நூடுல்ஸ் பெண்களின் ரகம். பாதரசம் ஒரே அடியில் கொல்கிற வில்லன் இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஆவியாக, தினம் கொஞ்சமாக உள்ளே போகிறது. காலையில் பனிக்குள் நடந்து ஷிஃப்டுக்குப் போகிற ஒரு பெண். வாசலில் டீ. கண்ணாடிக் குழாயில் வெள்ளி மாதிரி ஏறுகிற அழகான திரவம். மத்தியானம் டிபன் பாக்ஸ். சாயங்காலம் அதே புடவையோடு வீடு. ஓடி வந்து மடியில் ஏறுகிற குழந்தை. மறுநாள் மறுபடி பனி, மறுபடி டீ. பன்னிரண்டு எபிசோட், ஒரு அலறல்கூட வேண்டாம்.

எந்தத் தயாரிப்பாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார், தெரியும். 'பேய் இருக்கா சார்?' என்றுதான் கேட்பார்.